வினாயகமூர்த்தி வீட்டின் சடங்கு அறை

ஆரையம்பதியில் வாவியை நோக்கி இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு வினாயகமூர்த்தியின் வீடு. அவருடைய பாட்டனார் போடியார், வட்டை வட்டையாக வயல் வைத்திருந்தவர். விளைந்த நெல்லெல்லாம் தேக்குத் தூணாகவும் அகலச் சுவராகவும் மாறி நின்ற வீடு அது. பேரனுக்கோ வயலில் பிடிப்பில்லை. கொழும்புக்குப் போய்ப் படம் கீறப் படித்துவிட்டு வந்தார், பிறகு வாழ்நாளெல்லாம் ஊரையே கீறிக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டவில்லை. சாகும்போது வீட்டையும் படங்களையும் ஊருக்கே எழுதிவைத்தார். கூடவே ஒரு வில்லங்கத்தையும் விட்டுவிட்டுப் போனார்: எந்தப் படத்தையும் அதனதன் காலத்தில்தான் சுவரில் கொழுவ வேண்டும்.

அதன்படி, அறுத்த கதிரை மாடு விட்டு மிதிக்கும் சூடுமிதிப் படங்களுக்குத் தை மாதம், பெரிய மண்டபத்தில். கண்ணகை அம்மன் சடங்குப் படங்களுக்கு வைகாசி, உள்ளறையில். ஊரில் அம்மன் கோயில் கதவே வருசத்துக்கு ஒருமுறைதான் திறக்கிறது, தன்னுடைய படத்துக்கு மட்டும் என்ன அவசரம் என்று கேட்பாராம். சடங்கு நடக்கும் ஏழு நாள் கிழமை முடிந்ததும் அறையைப் பூட்டி, படங்களைத் தகரப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு அடுக்கிவிடுவார்கள். வாவிக் காற்றின் ஈரம் துணியில் கீறிய படத்தைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஊருக்கு எழுதிவைத்த படத்தை ஊரே வருசத்தில் ஒரு கிழமைதான் பார்க்கலாம் என்பது பெரிய மனிதர்களுக்கே உரிய கிறுக்கு.

அந்த வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள் இலட்சுமிப்பிள்ளை. புருசன் எப்போதோ பாம்பு கடித்துப் போய்விட்டான். இருந்தது யோகராசா என்ற ஒரே மகன். அவனும் மீசை அரும்பும் வயதில் இயக்கத்துக்குப் போனான். போனவன் இரண்டு தரம் வந்து சோறு தின்றுவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு மறுபடி சண்டை மூண்டு, ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதனை வந்தபோது ஊரிலே பல தாய்மார் செய்ததையே அவளும் செய்தாள். பிள்ளையின் படம் வீட்டில் இருந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களையும் கொண்டுபோவார்கள் என்ற பயம். பள்ளிக்கூடத்துக் குழுப்படம், அடையாள அட்டைக்கு எடுத்த படம், கோயிலில் மொட்டையோடு நின்ற படம் எல்லாவற்றையும் அடுப்புக்குள் போட்டாள். கடைசிப் படம் எரிந்து சுருண்டபோதுதான் தான் செய்ததன் கனம் அவளுக்கு விளங்கியது. முதல் சில மாதம் கண்ணை மூடினால் மகன் முகம் வந்தது. பிறகு மெல்ல மெல்ல மங்கத் தொடங்கியது. மூக்கு வந்தால் வாய் வராது. பெற்ற முகம் மறந்துபோகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

உலகத்தில் அந்த முகம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு இடத்தில். சடங்கு அறையில் இருந்த கொம்பு விளையாட்டுப் படத்தில். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கொக்கி போட்ட இரண்டு கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும் அந்த விளையாட்டை வினாயகமூர்த்தி ஆளுயரத்துக்குக் கீறியிருந்தார். அதில் கயிற்றின் நுனியில் தொங்கிக்கொண்டு, பல் விழுந்த வாயைத் திறந்து கத்துகிற பொடியன் யோகராசாதான். தாய் வீடு கூட்டும்போது முற்றத்தில் ஓடித் திரிந்தவனைப் பிடித்து நிறுத்திக் கீறியது. வருசத்துக்கு ஒரு கிழமை மட்டும் அவள் மகனைப் பார்த்தாள். மற்ற மாதங்களில் அவன் தகரப் பெட்டிக்குள் இருந்தான். பெட்டியைப் பூட்டிய திறப்பு, ஊர் சார்பில் வீட்டுப் பொறுப்பைப் பார்த்த இளையதம்பி மாஸ்டரிடம் இருந்தது.

அந்த ஒரு கிழமையிலும் முன்பு பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இருந்தது. பக்கத்துக் காத்தான்குடியிலிருந்து கைத்தறிச் சாரன் கொண்டுவந்து விற்கும் ஆயிஷா உம்மா. ஒவ்வொரு வைகாசிக்கும் கண்காட்சி பார்க்க வந்து, கொம்புப் படத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு, "உன்ட மகன் கத்துற சத்தம் எனக்குக் கேக்குது கா" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இரத்தம் விழுந்த பிறகு, நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஆயிஷா உம்மாவை அவள் காணவேயில்லை. மகன் பெயரை வாய்விட்டுச் சொல்ல இலட்சுமிப்பிள்ளைக்கு ஆளில்லாமல் போயிற்று. ஊரில் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். யோகராசாவா, அப்படி ஒருவனைத் தெரியாது. ஊரே சேர்ந்து பழகிய பொய் அது. அவளும் நன்றாகவே பழகியிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசியில் மாஸ்டர் பெட்டியைத் திறந்தபோது, கொம்புப் படத்தை மட்டும் எடுக்காமல் நின்றார்.

"இந்த முறை இது கிடக்கட்டும் புள்ள. ஆமிக்காரரும் வந்து பாக்கிறானுகள். ஆராவது கைகாட்டிப் போட்டா உனக்குத்தான் கரைச்சல்."

"அதக் கொழுவாட்டி நான் கதவு திறக்க வரமாட்டன் மாஸ்டர். வேற ஆளப் பாருங்க."

"உன்ட நன்மைக்குத்தான் சொல்றன்."

"எனக்கு என்ன நன்மை கிடக்கு இனி? அந்த ஒரு கிழமைதானே."

மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். கொழுவினார், அறையின் இருட்டு மூலையில். கதவு திறந்த அன்றைக்கே அவள் யன்னலை அகலத் திறந்து வெளிச்சத்தை அங்கே விழவைத்தாள்.

முன்பெல்லாம் அந்தக் கிழமையில் வீடு கொள்ளாத சனம் வரும். உண்மையைச் சொன்னால் பாதிப்பேர் படம் பார்க்க வந்தவர்கள் அல்ல, போடியார் வீட்டுக்குள் எத்தனை அறை இருக்கிறது என்று எண்ண வந்தவர்கள். அந்த வருசம் அவர்கள்கூட வரவில்லை. கோயிலுக்குப் போனவர்கள் இருட்டுமுன் வீடு சேர்ந்தால் போதும் என்று ஓடினார்கள். இலட்சுமிப்பிள்ளை அம்மன் படத்துக்குப் பூச்சரம் போட்டு, மிஞ்சிய பூவைத் தட்டில் வைத்துவிட்டு, மூலைப் படத்துக்கு நேரே பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்கப் பார்த்தாள். எப்படியும் வருவான் என்று ஒரு மனம் சொல்லியது. இந்நேரம் எங்கே மண்ணாய்க் கிடக்கிறானோ என்று இன்னொரு மனம் சொல்லியது. இரண்டில் ஒன்றை யாராவது வந்து சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. தெரியாமல் இருப்பதுதான் அவளைத் தின்றது.

கடைசி நாள் மத்தியானம் இரண்டு ஆமிக்காரர் வந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கி வந்தவர்கள்தான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் இளையவன் கொம்புப் படத்தைக் கண்டதும் சிரித்துவிட்டான்.

"அம்மா, இந்தப் பொடியன் யார்?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"தெரியா மகன். கீறினவர் செத்துப்போனார்."

அவர்கள் வெளியே விறாந்தையில் போய்க் குந்தினார்கள். அந்த நேரம்தான் ஒரு வாலிபன் படியேறி வந்தான். வலது காலை இழுத்து நடந்தான். ஆமிக்காரரைக் கண்டும் திரும்பிப் போகவில்லை. அவர்கள் சாவகாசமாக அவனுடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். உள்ளே வந்தவன் மற்றப் படங்களைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போய், அந்தப் பொடியனுக்கு முன்னால் நின்றான். வெகுநேரம் நின்றான்.

"எந்த ஊர் தம்பி?" என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டாள்.

"மாங்கேணி." அவன் விறாந்தைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இந்தப் பொடியன்ட தாய் இந்த ஊர்ல இரிக்காவாம். ஆரெண்டு தெரியுமா அம்மா?"

நான்தான் தாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தாயைத் தேடி வருகிறவர்கள் நல்ல சேதி கொண்டுவருகிற காலமா அது? தாயைக் காட்டச் சொல்லிக் கேட்டு, அன்றைக்கே வந்து அள்ளிக்கொண்டு போன கதை எத்தனை. வாசலில் ஆமிக்காரரின் இரண்டு துவக்கு. வந்தவன் யார் பெற்ற பிள்ளையோ, யார் அனுப்பிய ஆளோ. யோசித்து முடிக்குமுன்பே வாய் பழகிய சொல்லைச் சொல்லிவிட்டது.

"தெரியா தம்பி. கீறினவருக்குத்தான் தெரியும்."

"ஊர்ல கேட்டன். ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"அப்ப அப்பிடி ஒராள் இல்லயாக்கும்."

அவன் தலையாட்டினான். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான். தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்தான். அம்மன் படத்துக்கு வைக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் அதைக் கொம்புப் படத்தின் சட்டத்தில், பொடியனின் தலைக்கு நேரே செருகினான். கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நின்றான். பிறகு, "வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உயிரோடு இருக்கிற மனிதனின் படத்துக்கு எங்கள் ஆட்கள் யாரும் பூ வைப்பதில்லை. பூ வைத்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான். அது இலட்சுமிப்பிள்ளைக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை, கால் எழும்பத்தான் நேரம் எடுத்தது. ஆமிக்காரர் எழும்பிப் போகும்வரை பாயிலேயே இருந்தாள். போனதும் ஒழுங்கை வழியே தலைவிரி கோலமாக ஓடினாள். பெரிய ரோட்டில் பஸ் போன புழுதிதான் கிடந்தது. எங்கே செத்தான், எப்படி, தண்ணீர் கேட்டானா, அம்மா என்றானா? எல்லாம் அந்தப் புழுதிக்குள் போய்விட்டது.

பொழுது சாய இளையதம்பி மாஸ்டர் அறையைப் பூட்ட வந்தபோது அவள் படத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள்.

"ஆர் புள்ள இதில பூ வெச்ச?"

"ஒரு பொடியன் வந்தான் மாஸ்டர். இவன்ட தாய் ஆரெண்டு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"தெரியா எண்டன்." அவள் வாய் கோணியது. "நான் பெத்த புள்ளய, நானே தெரியா எண்டு சொல்லிப்போட்டன்."

மாஸ்டருக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பாவம், பூவைப் பார்த்துப் பார்த்து அழுகிறாளே என்று அதை எடுக்கக் கையை நீட்டினார். இலட்சுமிப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்க வேணா மாஸ்டர். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அவனத் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தன் வெச்சிட்டுப் போயிரிக்கான், கிடக்கட்டும்."