விசா வரிசையில் ஒரு துண்டு

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும்: தப்பு நம்முடையதானாலும் கம்ப்யூட்டர் நம்மைத் திட்டாது, கவுண்டரில் நிற்பவர்தான் திட்டுவார்.

சீட்டுப் பிடித்தது

அறந்தாங்கியில் ஒரு டிராவல்ஸுக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். டிக்கெட், விசா பற்றிய செய்திகள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். மூன்று புரோகிராம்கள் அதிலிருந்து எடுத்து வாடிக்கையாளர் போனுக்கு அனுப்பும். ஒரே செய்தி இரண்டு தடவை போகிறது என்று புகார் வந்ததால், இரட்டைகளைக் களைய நாலாவதாக ஒன்று எழுதினேன். அது வேலை செய்யும்போது வரிசை முழுவதும் அதற்கு மட்டும். முடித்ததும் மற்றவற்றுக்கு விட்டுவிடும். பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி என்று முதலாளிக்கு விளக்கினேன். அவர் கேட்டார்: "துண்டு போட்டவன் ஏறாமலே போயிட்டா சீட்டு யாருக்குங்க?"

ஏறாதவன்

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. மறுநாள் காலை அந்த நாலாவது புரோகிராம் துண்டைப் போட்ட கையோடு நின்றுபோனது. மற்ற மூன்றும் மகா மரியாதையாகக் காத்திருந்தன.

அன்று சாயங்காலம் திருச்சியில் விமானம் ஏற வேண்டிய முருகேசனின் விசா நகல் அந்த வரிசைக்குள் மாட்டிக்கொண்டது. இன்று போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. வழியனுப்ப வேனில் வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கடைக்குள் ஏறி என்னைச் சுற்றி நின்றார்கள். பாதியில் அந்தத் துண்டை எடுத்தால் செய்திகள் தாறுமாறாக இரட்டிக்கும் என்று இழுத்தேன். முருகேசனின் அம்மா விடவில்லை. "ஏறாதவன் துண்டைத் தூக்கி அங்கிட்டுப் போடு தம்பி, இதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

திருச்சி வேன்

தூக்கிப் போட்டேன். முருகேசன் போனுக்கு விசா வந்தது, ஒன்பது தடவை. மறுபடி ஏதாவது மாட்டினால் என்ன செய்வது என்று என்னையும் லேப்டாப்போடு வேனில் ஏற்றிக்கொண்டார்கள். இடமில்லாததால் முருகேசனின் பெட்டி மேல் உட்கார்ந்து போனேன்.

திரும்பும்போது பெட்டி முருகேசனோடு பறந்துவிட்டது. ஜன்னலோரச் சீட்டு ஒன்றுதான் காலி. காலையில் முருகேசனுக்காகப் போட்ட துண்டு அதில் அப்படியே கிடந்தது. எடுத்துவிட்டு உட்காரலாம் என்று கை நீட்டினேன். அவர் அம்மா என் கையைத் தட்டிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது கெடக்கட்டும் தம்பி, எம்மவன் வந்து எடுத்துக்குவான்."

இப்போது என் புரோகிராமில் எந்தத் துண்டும் பத்து நிமிடத்துக்கு மேல் கிடக்காது. திருச்சியிலிருந்து அறந்தாங்கி வரை வேனுக்குள் குனிந்து நின்றபடி வந்தவன் எழுதிய விதி அது.