மகளுக்கு வந்த பவுடர்

போன வெள்ளிக்கிழமை. தெரணியகலை பஸ் ஸ்டாண்ட். நானும் மகள் தர்ஷினியும் நின்றிருந்தோம்.

தர்ஷினிக்குப் பத்து வயது. நிற்கிற பஸ்களின் டயரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருவாள். ஒன்றையும் விடமாட்டாள். டிரைவர்மாருக்கும் பழகிவிட்டது. தொட்டு முடித்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறார்கள்.

ஒரு தாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். இடுப்பில் சின்னப் பையன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, உங்க புள்ளைக்கு ஆட்டிசமா?"

"ஆமா தங்கச்சி."

"இவனுக்கும் அதுதான்னு டாக்டர் சொல்றாரு." பையைத் திறந்து ஒரு போத்தலைக் காட்டினாள். உள்ளே பச்சையாக ஏதோ இருந்தது. "எங்க சின்னம்மா வாங்கி அனுப்பியிருக்காங்க. நாட்டு மருந்தாம். நீங்க இப்படி ஏதாச்சும் குடுத்துப் பாத்தீங்களா?"

"புள்ளைக்குக் குடுக்கல. நான் சாப்பிட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் தலையை நீட்டிக் கேட்டாள்.

"அப்ப குடுக்கலாமா, வேணாமாண்ணே?"

நான் யோசித்துப் பேசுகிறவன். பஸ் அதற்கெல்லாம் காத்திருக்குமா? போய்விட்டது.

பதிலை இங்கே எழுதுகிறேன். அவள் வாசிக்காவிட்டாலும் அவளைத் தெரிந்த யாராவது வாசிப்பீர்கள்.

தர்ஷினிக்கு ஆறு வயது இருக்கும்போது கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அப்போது அவளுக்கு ஒரு சொல்லும் வராது. டாக்டர் அவளோடு நிறைய நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"காய்ச்சல் மாதிரி மருந்து குடிச்சுப் போகிற வருத்தம் இல்ல இது. பிள்ளையோட பேசுங்க. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்க. மாசம் ஒருக்கா கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். வெளியே வந்தோம்.

"மருந்தே எழுதலையே..." என்றாள் என் மனைவி ராஜி. அவிசாவளை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவளைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் மருந்து தராத டாக்டரை டாக்டர் என்று ஒத்துக்கொள்வதில்லை. காலில் முள் குத்தினாலும் டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை வாங்காமல் திரும்பமாட்டோம். கொழும்பு வரைக்கும் போய் வெறுங்கையோடு வந்தால்?

டாக்டர் எழுதாத மருந்தை லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் எழுதியது. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள். ராஜி தேய்த்தாள். தர்ஷினி கடித்துவிட்டாள். வசம்பை அல்ல.

கிளி கொத்திய கொய்யாப்பழம் கொடுத்தால் பேச்சு வரும் என்றார்கள். தேடிப் போனேன். மரத்தடியில் பழம் கிடந்தது, பாதி இல்லை. கொத்தியது கிளியா, கடித்தது வௌவாலா? யாரிடம் கேட்பது? போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் மச்சான் வந்தார். ராஜியின் அண்ணன். தெரணியகலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தர்ஷினி மேல் உயிர். கையில் ஒரு போத்தல். அதில் மண் நிறத்தில் பவுடர்.

"டவுன்ல ஒரு வைத்தியர் வந்து தங்கியிருக்காரு மாப்ள. இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னே குடுக்கிறாரு. காலையில ஒரு கரண்டி, தேன்ல கொழச்சு. மூணு மாசத்துல பேசும்."

"உள்ள என்னா இருக்கு?"

"அது அவங்க பரம்பரை ரகசியமாம். ஆனா எல்லாம் மூலிகை. செடியில, மரத்துல வர்றது. ஒண்ணும் செய்யாது."

"ரப்பர் பாலும் மரத்துலதான் வருது. குடிக்கிறோமா?"

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு புள்ள சாப்பிட்டு மறுநாளே அமைதியா ஆயிருச்சாம். நீ என்னமோ பேசுற."

அவர் போன பிறகு ராஜி போத்தலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே வைத்தால் எடுத்து எறியமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குக் காலையில குடுக்கப் போறேன்" என்றாள். "அம்மான்னு ஒரு தடவ கேட்டாப் போதும்ங்க எனக்கு."

 எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

என் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் மத்தியானம் ரப்பர் பாலை வாளியில் மடுவத்துக்கு, பால் நிறுக்கிற கொட்டகைக்கு, கொண்டுவருவார்கள். நிறுத்து வாங்குகிறவன் நான். சிலர் பாரம் கூட்டத் தண்ணீர் கலப்பார்கள். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. பாலில் மிதக்கவிட்டால் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல பால் என்றால் "சரி" என்பேன். இல்லாவிட்டால் "தண்ணி" என்பேன். சிங்களவர்களுக்கு "ஹரி", "வத்துர". மடுவத்தில் நான் பேசுவது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ராஜி தேனை எடுத்தாள். நான் போத்தலை எடுத்தேன்.

"பால் கொண்டாந்தா நான் எப்படி வாங்குவேன்?" என்று கேட்டேன்.

"கொழாயப் போட்டுப் பாப்பீங்க."

"இதையும் பாக்கணும்ல?"

"இதுக்கு எங்க போவீங்க கொழாய்க்கு?"

ஒரு கரண்டி பவுடரை என் வாயில் போட்டுக்கொண்டேன். பிளேன்டீயைக் குடித்தேன்.

ராஜி திகைத்துப் போனாள். "என்னாங்க, அது பேச்சு வராத புள்ளைக்கு."

"எனக்கும் பேச்சு கம்மிதானே."

ராஜி தேனை மூடி வைத்தாள். "அப்ப ரெண்டு கரண்டி போடுங்க" என்றாள்.

மடுவத்துக்குப் போனேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பால் வரத் தொடங்கும்போது கால் தரையில் இல்லாத மாதிரி இருந்தது. குழாயைப் பாலில் விட்டேன். இரண்டு குழாய் தெரிந்தது. இரண்டும் சரி என்றே காட்டின.

"சரி" என்றேன். அடுத்த வாளி. "சரி." அடுத்தது... "சரி."

சிறிபால வந்தார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர், என்னைவிட மூத்தவர். என்னை 'மல்லி', தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அவர் வாளியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். எப்போதும் பிடிபடுவார், எப்போதும் சிரிப்பார்.

"ஹரி" என்றேன்.

சிறிபால நகரவில்லை. "மல்லி, இன்னொருக்கா பாருங்க" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

"ஹரி, ஹரி" என்றேன்.

அன்றைக்கு எல்லாருடைய பாலும் சரி. அப்படி ஒரு நாளை அந்த மடுவம் அதற்கு முன்னாலும் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை. பிறகு கவிழ்த்து வைத்த ஒரு வாளிமேல் உட்கார்ந்தேன். அது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். மீதி ராஜி சொன்னது.

என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஒரு பக்கம் சிறிபால. கட்டிலில் போட்டார்களாம். ராஜி முகத்தில் தண்ணீர் தெளித்தாளாம். நான் "ஹரி" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தேனாம். டிஸ்பென்சர் ஐயா வந்து நாடி பார்த்து, எழும்பும் வரைக்கும் பக்கத்திலேயே இருங்கள் என்றாராம்.

இனித்தான் விஷயம்.

தர்ஷினி எதையும் சுட்டிக் காட்டமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அதன்மேல் வைப்பாள். தகர மூடி திறக்க என் கை. கதவு திறக்க என் கை. அவளுக்கு என் கை ஒரு சாமான். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போவாள். ஊற்றுத் தண்ணீர் தகரப் பீலி வழியாக விழுவதைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் லயமே அதிரும்.

அன்றைக்கும் நேரம் வந்தது. வந்தாள். கையைத் தூக்கினாள். விழுந்தது. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் விழுந்தது. கத்தப் போகிறாள் என்று ராஜி காத்திருந்தாளாம். கத்தவில்லை. என் கண் இமையை விரலால் திறந்து உள்ளே பார்த்தாளாம். பிறகு எழும்பிப் போனாள்.

நான் கண் விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம். கட்டிலில் கிடக்கிறேன். என் காலில் செருப்பு. வலது காலில் இடது செருப்பு. இடது காலில் வலது.

"யாரு இது?"

ராஜி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. "நான் சொல்லலங்க. அவளாத்தான் வாசலுக்குப் போனா. எடுத்துட்டு வந்து மாட்டிவிட்டா. நீங்க எந்திரிக்கலன்னு காலுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கா, பாருங்க."

பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளும் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்காத பிள்ளை.

ராஜி போத்தலைக் கையில் எடுத்தாள். உருட்டி உருட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு கரண்டிக்கு நீங்க இப்படிக் கெடந்தீங்க. இவ உங்கள்ல பாதி கனம்கூட இல்லையேங்க..."

 தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு பீலிக்குப் போனேன். செருப்பை மாற்றிப் போடவில்லை. அவள் போட்டுவிட்டபடியே நடந்தேன்.

அந்த மாதக் கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோனோம். டாக்டர் திறந்து பார்த்தார்.

"பார்வையில சொல்ல முடியாது. தூக்க மருந்து கலந்திருக்கலாம்னு எனக்குச் சந்தேகம். அதுதான் அந்தப் பிள்ளை 'அமைதியா' ஆயிருக்கும். சின்னப் பிள்ளைக்கு மூச்சே நின்றிருக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கள யார் சாப்பிடச் சொன்னது? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? கையில கிடைச்ச அன்றைக்கே இங்க கொண்டு வந்து கேட்டா என்ன?"

பேச்சு வாங்கிக்கொண்டேன். நியாயமான பேச்சு.

மச்சான் டவுனில் வைத்தியரைத் தேடிப் போனார். அவரோ அறையைக் காலி பண்ணிவிட்டுப் போயிருந்தார். கொஞ்ச நாள் மச்சான் எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார், ஒரு பை நிறையச் சோடா மூடிகளோடு. தர்ஷினி அவற்றைச் சுவரோரம் வரிசையாக அடுக்கினாள். முடித்துவிட்டு மாமாவின் மடியில் போய் உட்கார்ந்தாள். மச்சான் அசையாமல் இருந்தார், கால் மரத்துப் போகும் வரைக்கும். இப்போதும் வாரா வாரம் மூடி வருகிறது.

அப்ப பேச்சு? கேட்பீர்கள் என்று தெரியும்.

மத்தியானத்தில் அவளை மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். கண்ணாடிக் குழாய் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்றுதானே டாக்டர் சொன்னார்? நான் வேறென்ன சொல்கிறேன் அங்கே?

ரொம்ப நாளாயிற்று. ஒரு நாள் சிறிபால வாளியை இறக்கினார். நான் குழாயை விடுவதற்கு முன்னால் என் முழங்கைக்குக் கீழே ஒரு சத்தம்.

"வத்துர."

 சிறிபால வாளியைப் பார்த்தார். தர்ஷினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மல்லி, பிள்ளைக்கு மருந்து வேண்டாம். அந்தப் பவுடரை நீங்களே சாப்பிடுங்க" என்றார்.

மடுவமே சிரித்தது. குழாயை விட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அது சுத்தமான பால். அவருக்கு அப்படியும் ஒரு நாள் வந்திருக்கிறது. ஆனால் சிறிபால வாதாடவில்லை. "பிள்ளை சொன்னா சொன்னதுதான். தண்ணின்னே எழுதுங்க" என்றார். நான் உள்ளபடியே எழுதினேன்.

ஓடிப் போய் ராஜியிடம் சொன்னோம்.

"எத்தன வருசமா அம்மா, அம்மான்னு சொல்லிக் குடுத்தேன். இவ சிறிபாலகிட்ட வத்துரங்கிறா" என்றாள். சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றினாள். ஒரு கதவையும் விடவில்லை. 'அம்மா' அடுத்த வருடம் வந்தது. இன்றைக்கும் சொற்கள் கொஞ்சம்தான். போதும்.

பஸ்ஸில் போன தங்கச்சி, உங்களுக்குப் பதில். போத்தலைத் திறக்க வேண்டாம். டாக்டரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டேன் என்கிறவனிடம் எதுவும் வாங்க வேண்டாம். நீங்களும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம், ஒருவன் சாப்பிட்டது போதும்.

இன்னொன்று. அந்தப் பவுடரால் எனக்குப் பேச்சும் கூடவில்லை. ராஜிக்கு அந்த ஒரு குறைதான் இன்னும் தீரவில்லை.