மாஸ்டரின் ஆட்சேபணை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பாதி ஊர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்திருந்தது. தெருவுக்குப் பின்னால் கிடந்த காலி நிலம்தான் அவருடைய பயிற்சி மைதானம். அது யாருடைய நிலம் என்று அவரும் விசாரித்ததில்லை, அவரையும் யாரும் விரட்டியதில்லை.

அங்கே ஒருநாள் மாநகராட்சி பலகை நட்டது. அடுக்குமாடி, வரிசை வீடுகள், குறைந்த வாடகையில் சின்ன வீடுகள் எல்லாம் ஒரே வளாகத்தில் வரப்போகின்றன. ஆட்சேபணை இருப்பவர்கள் கூட்டத்தில் வந்து பேசலாம்.

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. வண்டி ஓட்ட இடம் போகிறது என்றால் யாரும் கூட வரமாட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போய் வேறு பாட்டுப் பாடினார்.

“சின்ன வீட்டுக்கு யார் வருவாங்கன்னு நினைக்கிறீங்க? நேத்து எங்க இருந்தான்னே தெரியாதவன்லாம் வருவான். நம்ம தெருவுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?”

குப்பைத் தொட்டியை யார் வாசலில் வைப்பது என்று வருஷக்கணக்கில் அடித்துக்கொண்ட தெரு, முதல்முறையாக ஒற்றுமையானது.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மாஸ்டர் மைக்கைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. வேர்வையைத் துடைத்தபடி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்துப் பேசக் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தது அவர் மருமகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உடுப்பைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தாள்.

“நம்ம மருமக” என்று மாஸ்டர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

“சின்ன வீட்டுக்கு யார் வருவாங்கன்னு மாமா கேட்டாரு. நாங்கதான் வருவோம். நானும் அவர் பிள்ளையும்” என்றாள் அவள். “நேத்து எங்க இருந்தோம்னும் சொல்லிடறேன். அவர் வீட்டு மாடியில. எந்த நேரமும் கதவைத் தட்டாம உள்ள வந்து, எதுக்கு ரெண்டு லைட்டுன்னு அணைச்சிட்டுப் போவாரு. எங்களுக்குன்னு ஒரு வீடு வேணும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது.

“கீழ இறங்குடி!” என்று கத்தினார் மாஸ்டர்.

“நீங்க உக்காருங்க” என்றார் கூட்டத் தலைவர்.

மகன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மாநகராட்சி உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். திட்டம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் மனைவியிடம் பொரிந்தார். “அத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டா!”

“வீட்டுல சொன்னப்ப காதுல போட்டுக்கிட்டீங்களா?” என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவர் மாடிப்படி ஏறவில்லை, மருமகளோடு பேசவுமில்லை. “இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே மைக்கைப் பிடிச்சிருப்பேன்” என்று அவள் கணவனிடம் சொன்னாள். ஆனாலும் சின்ன வீடு கேட்டுக் கொடுத்திருந்த மனுவைத் திரும்ப வாங்கவில்லை. ஜல்லி லாரி வரும்போதெல்லாம் மாஸ்டர் ஜன்னலை அறைந்து சாத்தினார். கட்டி முடித்ததும் குலுக்கலில் அவர்களுக்கு வீடு விழுந்தது. சாமான் ஏற்றிய அன்று அவர் வெளியே தலைகாட்டவில்லை. மனைவி மட்டும் சாயங்காலம் தவறாமல் போய் வந்தாள். அங்கே என்ன விசேஷம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பயிற்சிக்கு வேறு இடம் அகப்படவில்லை. ஒருநாள் பழக வந்த ஒரு பெண்மணியை ஓட்டவிட்டு, அந்த வளாகத்துச் சாலைக்கே வந்துவிட்டார். காவலாளி குறுக்குக் கம்பியை இறக்கினான்.

“இங்க பழகக் கூடாது சார்.”

“நீ பிறக்கிறதுக்கு முன்னால இருந்து இங்க வண்டி ஓட்டுறவன்டா நான்!”

சத்தம் கேட்டு மேலே பால்கனியில் மருமகள் எட்டிப் பார்த்தாள்.

“விடுங்கண்ணே, எங்க மாமனார்தான்.”

காவலாளி சல்யூட் அடித்துக் கம்பியைத் தூக்கினான். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ரிவர்ஸ் எடும்மா.”

“இன்னும் அது சொல்லித்தரலையே மாஸ்டர்!”

“எடுன்னா எடு!”

கார் இரண்டு தடவை அணைந்து, வேலியில் ஒரு தடவை உரசி, பின்னோக்கியே மெயின் ரோடு வரை போய்ச் சேர்ந்தது.