ஏரி நடுவில் தாழ்ந்த படகு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புத்தூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் சுடுகாட்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன், எதுவும் வந்து என்னை எழுப்பியதில்லை. இதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று தெரிகிறது, போகட்டும், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் மதராஸோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். நகரிப் பக்கத்து விவசாயி தேசப்பன் ஒரு நாள் காலையில் வந்து நின்றான். அவன் மனைவி மங்கம்மாவுக்கு முதல் பிரசவம், குழந்தை தங்கவில்லை, அவளுக்கும் காய்ச்சல் விடவில்லை, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய தாய்வீடு பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவில்.

"அம்மாவப் பாக்கணும், அம்மாவப் பாக்கணும்னே சொல்லிக்கினு கீறாண்ணா. தூக்கினா வலியில துடிக்கிறா. கார்லயே வச்சி அந்தக் கரைக்குக் கொண்டுபோயிட முடியுமா?"

முடியும். அந்தத் தீவிலிருந்து விறகு ஏற்றிவர லாரிகளையே படகில் கொண்டுபோவார்கள். இரண்டு பெரிய படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை அடித்து, அதன்மேல் வண்டியை ஏற்றுவது. சத்தியவேடு, தடா வழியாகக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். பலகை மேல் காரை ஏற்றி நிறுத்துவதற்குள் எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

மங்கம்மா பின் சீட்டில் படுத்திருந்தாள். வாரக்கணக்கில் சீப்புப் படாத தலை, ஒரே சிக்காகக் கிடந்தது, கையைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பாரம் சமமாக இருக்க நானும் தேசப்பனும் முன்பக்கம் போய் நிற்க வேண்டும் என்றார் படகுக்காரப் பெரியவர். வண்டிக்குள் அவள் மட்டும்தான்.

காற்றே இல்லை. கழி போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதி ஏரி தாண்டியிருப்போம், படகு மெல்ல ஒரு விரற்கடை தாழ்ந்தது. அலை இல்லை, ஆட்டம் இல்லை, ஒரு ஆள் காலெடுத்து வைத்து ஏறினால் எப்படித் தாழுமோ அப்படி. நம்பினால் நம்புங்கள், என் பாதத்துக்கே தெரிந்தது.

"எவரய்யா அதி? யாரு ஏறினது?" என்று பெரியவர் தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார்.

சுற்றிலும் தண்ணீர்தான், யார் ஏறுவது? ஓட்டை ஏதாவது விழுந்திருக்குமோ என்று படகுக்குள் குனிந்து பார்த்தார், உலர்ந்து கிடந்தது. அப்புறம் காரைப் பார்த்தார், கழியை எடுத்துக்கொண்டார். மங்கம்மா யாரோடோ பேசுகிற சத்தம் கேட்கிறது என்றான் தேசப்பன். காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறாள் என்றேன் நான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரை தட்டியதும் கதவைத் திறந்தோம். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையை வழவழவென்று வாரி, இறுக்கிப் பின்னல் போட்டு, நுனியில் முடிச்சும் போட்டிருந்தது. தேசப்பன் அந்தப் பின்னலைத் தொட்டுப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

லாரித் தடத்திலேயே ஓட்டிக்கொண்டு போனால் அவள் வீட்டு வாசலில் கூட்டம், அழுகை. அவளுடைய அம்மா அன்று மதியம் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவாக்கிலேயே போய்விட்டாளாம். நாங்கள் ஏரியில் வந்துகொண்டிருந்த நேரம்தான் அது. படகில் நடந்ததைக் கேட்டுவிட்டு மங்கம்மாவின் பின்னலைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பொம்பளை மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணு வர்ற வரைக்கும் பொறுக்கமாட்டாம ஏரி நடுவுக்கே எதிர போயிட்டாளே!"

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மங்கம்மாவுக்குக் காய்ச்சல் அந்த வாரமே விட்டது, எழுந்துவிட்டாள்.

இது இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். சில வருஷம் கழித்து, அவளுக்கு அப்புறம் பிறந்த பிள்ளைக்கு மொட்டை போட அவர்களைத் திருமலைக்குக் கூட்டிப் போனேன். ரேணிகுண்டாவில் தேசப்பன் பிள்ளைக்குப் பால் வாங்க இறங்கினான். மனசு கேட்காமல் நான் அவளைக் கேட்டேன்.

"அன்னிக்குப் படகுல உங்கம்மா என்னம்மா பேசினாங்க?"

"எங்கம்மாவா? அம்மா கார்ல இல்லண்ணா. அவங்க அந்தக் கரையில நின்னுக்கினு இருந்தாங்க, நான் பாத்தேன். எனக்குத் தல வாரினது வேற ஒரு அக்கா. படகுக்காரங்க வூட்டுப் பொம்பளன்னு நெனச்சிக்கினேன். அவங்களுக்கு இந்தக் கையில முட்டி வரைக்கும் எண்ணெ கொட்டின தழும்பு."

அவள் தொட்டுக் காட்டியது இடது கை.

என் மனைவி பச்சையம்மா பண்டிகைக்கு வடை சுடும்போது இடது கையில் எண்ணெயைக் கொட்டிக்கொண்டவள். அந்தப் படகுப் பயணத்துக்கு முந்தின வருஷம் பிரசவத்தில் போனாள். தேசப்பன் வீட்டார் அவளைக் கண்ணால் பார்த்ததில்லை, நானும் அவளைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"வேற என்னம்மா சொன்னாங்க?"

மங்கம்மா யோசித்தாள். "உனக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதன்னாங்க. முன்னால நிக்கிறாரே அந்த அண்ணன, கூப்புடட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவரு அழுவாருன்னுட்டாங்க."

தேசப்பன் பாலோடு வந்துவிட்டான். மலை வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் போனேன், எப்படி என்று கேட்காதீர்கள். நான் நின்ற இடத்துக்கும் அந்தக் கார் கதவுக்கும் நாலு அடி இருந்தால் அதிகம். யாரோ ஒரு பெண்ணுக்காக வந்தவள், என்னைப் பார்க்காமலே போனாள்.

அழுதிருப்பேன்தான். அழுதால் என்ன, கூப்பிட்டிருக்கலாம்.