அப்பா போடாத முகக்கவசங்கள்

ஆய்வுத் திட்டங்களைக் காட்டும் நாளன்று பல்கலைக்கழகத்துக்கு அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். அப்பா வரவில்லை. பெக்கோக் ஊரில் எங்கள் வீட்டில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார்.

என் கணினித் திரையில் ஒரு விண்மீன் மண்டலம் சுழன்றது. அதன் ஒளி தூசியில் பட்டு எப்படிச் சிதறுகிறது, சிதறியபின் எந்தத் திசையில் அதிர்கிறது என்று கணக்கிடும் நிரல் அது. நடுவே செம்மஞ்சள் மூட்டம். அம்மா குனிந்து பார்த்தாள்.

“என்னடா இது, ஜெரெபு மாதிரி இருக்கு?”

எனக்குப் பத்து வயதில் சுமத்ராவில் காடு எரிந்து, ஜெரெபு என்று நாங்கள் சொல்லும் அந்தப் புகைமூட்டம் கடல் தாண்டி மலேசியாவில் எங்கள் ஊரை மூடியது. காலைச் சூரியன் இதே நிறத்தில் இருந்தது. துவைத்துக் காயப்போட்ட பள்ளிச் சட்டையிலும் புகை வாசம். கடைகளில் முகக்கவசம் தீர்ந்துவிட்டது. கல்குவாரியில் வேலை செய்த அப்பா, அங்கே தினமும் கொடுத்த முகக்கவசத்தைப் போடாமல் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டார்.

“அப்போ உங்களுக்கு?” என்றாள் அம்மா.

“இது நம்ம ஊரு கல்லுத் தூசி லா, நம்மள ஒண்ணும் பண்ணாது. வெளியூருப் புகைதான் மோசம். இவன் படிக்கிற பையன்.”

ஜெரெபு போன பிறகும், அடுத்த தடவைக்கு ஆகும் என்று குவாரியில் கொடுத்த முகக்கவசங்களைப் போடாமலே வருடக்கணக்காகச் சேர்த்தார். மூன்று பெட்டி நிறைய இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

“ஆமாம்மா, ஜெரெபு மாதிரிதான்” என்றேன்.

ஒளி எத்தனை முறை தூசியில் மோதியது என்று என் நிரல் எண்ணிச் சொல்லிவிடும். எங்கள் கணக்கை டாக்டர் எக்ஸ்ரே படத்தில் காட்டினார்: அப்பாவின் வலது நுரையீரல் முழுவதும் கல்லுத் தூசி, இடதில் பாதி.