நெகட்டிவில் இல்லாத கண்கள்

பிற்பகல் நான்கு மணி பத்து. ஸ்டூடியோக் கணினியின் திரையில் முதலில் தெரிந்தது ஒரு காது. பிறகு கழுத்து, சட்டைக் கொலர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் நெருக்கமாகக் கிடந்தன.

படம் நான் எடுத்தது. பத்திரிகையில் வேலை செய்த காலத்தில், சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு கோயிலில் தேர் இழுத்த கூட்டத்தை பிலிமில் எடுத்திருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் என் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் நின்றான். போரின் கடைசி நாட்களில் அவன் காணாமல் போனான். அவனுடைய படம் என்று மிஞ்சியது இந்த நெகட்டிவ் மட்டும். காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரப் போராட்டப் பந்தலில் ஆளுக்கொரு படத்தோடு இருப்பார்கள். அக்கா வெறுங்கையோடு போய்வந்தார். அதனால்தான் அன்று நெகட்டிவோடு அவரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்திருந்தேன்.

பிலிமின் தரத்தை டிஜிட்டல் இன்னும் எட்டவில்லை என்று வருடக்கணக்காக வாதாடியவன் நான். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து டிஜிட்டல் கமராவால் எடுத்திருந்தார். பிலிமின் ஒவ்வொரு புள்ளியையும் அது தனித்தனியாகக் காட்டியது. அதற்கு மேல் காட்ட பிலிமில் ஒன்றும் இல்லை.

“உங்கடை பிலிம் அவ்வளவுதான், அண்ணை. இப்ப பாருங்கோ,” என்று அவர், மங்கிய முகத்தைத் தானாகவே தெளிவாக்கித் தரும் மென்பொருளைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

முகம் வந்தது. இமை மயிரை எண்ணலாம். பல்லின் விளிம்பு ஈரமாக மின்னியது. கண்கள் நேரே எங்களைப் பார்த்தன. நான் எடுத்தபோது அவன் தேரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அங்கே பெரிதாக்கும் படங்கள் அநேகமாகச் செத்தவர்களுடையவை. கைப்பழக்கத்தில் அவர் படத்துக்கு மாலையும் போட்டுவிட்டார்.

“மாலையைக் கழட்டு, தம்பி. அவன் செத்தவனெண்டு ஆர் உனக்குச் சொன்னது?” என்றார் அக்கா.

“ஐயோ, பழக்கத்திலை வந்திட்டுது, அன்ரி. முகம் வடிவா வந்திருக்கெல்லே?”

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆற்றை பிள்ளை?”

“உங்கடை மகன்தான், அன்ரி.”

“நான் பெத்ததை எனக்குத் தெரியாதே?”

ஸ்டூடியோக்காரர் மறுபடி அழுத்தினார். வேறொருவன் வந்தான், தாடை அகன்றவன். மறுபடி அழுத்தினார். மூன்றாமவனுக்கு மீசை அரும்பியிருந்தது. மூன்று பேருக்கும் அதே காதுதான். மூன்று பேரும் எங்களையே பார்த்தார்கள்.

“காணும், நிப்பாட்டு. முதல் இருந்ததைத் தா.”

“அதிலை முகமே இல்லையே, அன்ரி.”

அக்கா பின்னுக்கு நடந்து வாசலில் போய் நின்றார். பழைய படம் திரைக்குத் திரும்பியது.

“இஞ்சை வந்து பார், தம்பி,” என்று என்னைக் கூப்பிட்டார். “தேரைப் பாக்கிறான்.”

நானும் போய் நின்றேன். அந்தத் தூரத்தில் புள்ளிகள் ஒன்றுகூடி, ஒரு பக்கம் திரும்பிய முகமாகத் தெரிந்தன.

அந்தப் படத்தைத்தான் இப்போது அக்கா பந்தலில் மடியில் வைத்திருக்கிறார். முதலில் வந்த தெளிவான முகத்தை ஸ்டூடியோக்காரர் மாதிரிக்காகக் கடையின் முன் கண்ணாடியில் வைத்திருக்கிறார், மாலையோடு. போன கிழமை குருநகரிலிருந்து வந்த, காணாமல் போன மகனைத் தேடும் ஒரு தாய் அதன் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்து, இந்தப் பிள்ளை எப்போது செத்தது என்று கேட்டார்.