கேள்விக்குறி போட்ட எரிமலை

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்துக் காவலாளி, முன்பு கப்பலில் வேலை செய்த யாழ்ப்பாணத்தவர். நெடிய, ஒடிசலான மனிதர். பேசும்போது அகப்பட்ட தாளில் ஒரு கூம்பு மலையை வரைந்து, சாம்பல் ஒரு படை, எரிகுழம்பு ஒரு படை என்று அடுக்கடுக்காகக் கோடு போடுவார். உச்சிக் கோடு மட்டும் தடிப்பாக இருக்கும். அது அவர் கண்ட வெடிப்பு. அலாஸ்காவுக்கு அப்பால், ஆளில்லாத் தீவொன்றில் அந்த எரிமலை வெடித்தபோது அவருடைய கப்பல் அருகே போய்க்கொண்டிருந்ததாம். நூலகத்தில் நான் எடுத்துப் பார்த்த எரிமலைப் புத்தகத்தின் பட்டியலில் அந்த வெடிப்பே இல்லை.

"தங்கச்சி, உந்தப் பட்டியல் வைச்சிருக்கிறவைக்கு இங்கிலிசில ஒரு கடிதம் எழுதித் தாரும்" என்றார்.

எரிமலை வெடிப்புகளைப் பதிந்து வைக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். சில மாதங்களில் பதில் வந்தது. வேறு சாட்சி இல்லாததால் பட்டியலில் கேள்விக்குறியோடு சேர்த்துக்கொள்கிறார்களாம். வாசித்துச் சொன்னதும் அவர் முகம் கறுத்தது.

"கப்பல் தட்டு முழுக்கச் சாம்பல். நானெல்லோ கூட்டி அள்ளினனான். அதுக்கு என்ன கேள்விக்குறி?"

"சேர்த்திட்டினம்தானே, அண்ணை."

"இல்லைத் தங்கச்சி. பொய்யன் எண்டதை மரியாதையாச் சொல்லியிருக்கினம். திரும்ப எழுதும்."

திரும்ப எழுதினேன். பதில் வரவேயில்லை.

நான் அவரை நம்புகிறேனா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.